பகல் பன்னிரண்டரை பஸ்

புத்தளம்
06.02.2011

அன்புள்ள தங்கச்சி நிரூபாவுக்கு,

அம்மாவும் நானும் சுகம். நீயும் அத்தானும் லக்சனாவும் உன் மாமியும் அப்படியே இருக்க வேண்டும் என்று முன்னேஸ்வரத்தானிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கக் கடிதம் ஏன் என்று கேட்பாய். போனில் நீ பக்கத்தில் ஆட்களை வைத்துக்கொண்டு கதைக்கிற குரலில் கதைக்கிறாய். "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்பதற்கு மேல் ஒன்றும் வருவதில்லை. கடிதத்திலாவது நீ நீயாக இருப்பாயோ என்று பார்க்கிறேன்.

இந்தக் கிழமை அச்சகத்தில் என் மானம் போயிற்று. இங்கே இருந்த பூரணம் ரீச்சர் காலமானது உனக்குத் தெரியும். முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்கத் தந்தார்கள். நம் சனம் எங்கே போய்க் குடியிருந்தாலும், செத்தவரைப் பாட்டில் புகழ்ந்து சின்னப் புத்தகம் அடித்து, வந்தவர்களுக்கு முன்னால் அதை இராகத்தோடு வாசித்து, கையிலும் ஒன்று கொடுத்து விடாவிட்டால் சீவன் போய்ச் சேராது. அட்டையில் பாட்டெழுதியவர் இரத்தினம் மாஸ்டர் என்று போடுவோம். மாஸ்டருக்குக் கண் தெரியாமல் போய் நாலு வருடம். எழுதுகிறவள் நான். எழுதுகிறவள் என்றும் சொல்ல முடியாது. கம்பியூட்டரில் ஆணுக்கு ஒரு பாட்டு, பெண்ணுக்கு ஒரு பாட்டு கிடக்கிறது. பேரையும் ஊரையும் மாற்றிவிட்டால் சரி.

ரீச்சர் கல்யாணமே செய்யாத மனுசி. நான் இரண்டாம் பக்கத்தை மாற்ற மறந்து போனேன். வாசித்தவர், "கொண்டவன் குறிப்பறிந்து கோடு தாண்டா உத்தமியே" என்று இழுத்துப் பாட, ரீச்சரின் தம்பி எழும்பி, "எந்தக் கொண்டவன்?" என்று கேட்டாராம். சனம் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வடையைக் கடித்ததாம்.

முதலாளி ஜபார் நானா ஏசவில்லை. அவரும் யாழ்ப்பாணத்தில் அச்சுக்கோத்தவர். தொண்ணூறில் முஸ்லிம் சனம் முழுவதோடும் அங்கிருந்து எழுப்பப்பட்டு, அச்சுப்பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டு இங்கே வந்தவர். "பிழை வாறதுதானே தங்கச்சி. ஆனா மௌத்தானவங்க எழும்பி வந்து திருத்த ஏலாதே" என்றார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அம்மாவிடம் சொன்னேன். சிரித்தார், சிரித்தார், இருமல் வரும்வரை சிரித்தார். இருமல்தான் கொஞ்சம் நீண்டு போயிற்று.

லக்சனாவின் கலியாணப் பேச்சு எந்த அளவில் நிற்கிறது? எழுது.

அன்பு அக்கா
கோசலா


கொக்குவில்
02.03.2011

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் நலத்துக்கும் அம்மாவின் நலத்துக்கும் நல்லூரானை வேண்டுகிறேன்.

உன் கடிதம் வாசித்தேன். லக்சனாவின் பேச்சு நல்லபடியாகப் போகிறது. மாப்பிள்ளை வங்கியில் வேலை. தாய் மனுசி கொஞ்சம் கெட்டிக்காரி, எதையும் தோண்டிக் கேட்பார். சாதகம் பொருந்தி விட்டது. ஆவணியில் வைக்கலாம் என்கிறார்கள். எங்கள் குடும்பத்தைப் பற்றியும் விசாரிக்கிறார்கள். விசாரிப்பது வழக்கம்தானே.

அம்மா இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடிக்கட்டும். அக்கா, பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு போன் எடுக்க வேண்டாம். அந்த நேரம் மாமியும் இவரும் விறாந்தையில் இருப்பார்கள். வேறொன்றுமில்லை.

சண்டை முடிந்து பாதை திறந்ததிலிருந்து வன்னிப் பக்கத்துச் சனம் எல்லாம் இங்கு வந்து போகிறது. அங்கேயும் அப்படி யாரும் வருகிறார்களா? தெரிந்த ஆட்கள் யாரும்?

இப்படிக்கு
தங்கை நிரூபா


புத்தளம்
15.03.2011

அன்புள்ள நிரூபா,

நான் சுகம். அம்மாவை நாலு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு விட்டிருக்கிறார்கள். நெஞ்சில் கொஞ்சம் நீராம். பயப்பட ஒன்றுமில்லை. நேரம் கிடைத்தால் ஒரு நடை வந்துவிட்டுப் போ.

தெரிந்த ஆட்கள் வருகிறார்களா என்று கேட்டிருந்தாய். யாரைக் கேட்கிறாய் என்று விளங்கவில்லை. அப்பாவையா? அவர் கிளிநொச்சிப் பக்கம் தன் இரண்டாவது குடும்பத்தோடு திரும்பவும் குடியேறி இருக்கிறாராம். யாழ்ப்பாணம் போய்வருகிற லொறிக்கார நிக்கொலஸ் கண்டு கதைத்தவராம். ஆள் நல்ல உசாராம். உசாராக இருக்கட்டும், நமக்கென்ன.

அம்மாவைப் பார்க்கச் சித்தி ஸுலைஹா வந்தா. உப்பளத்தில் அம்மாவோடு பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரியவ. இரண்டு பேரும் கட்டிலில் இருந்து கொண்டு தங்கள் கால் வெடிப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். யாருக்கு ஆழம் என்று போட்டி. அம்மா வென்றார்.

அவ போன பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"கோசலா, எனக்கும் நீதானே அடிக்கப் போறாய்?"

"என்னத்தை?"

"நடிக்காதை. கல்வெட்டை."

"இப்ப என்னத்துக்கு அந்தக் கதை?"

"பிறகு கதைக்க ஏலாது, அதாலை. எனக்கு எழுதேக்கை அந்தக் கொண்டவன் பாட்டைப் போட்டிடாதை. நடந்ததை எழுது. பொய் ஒண்டு போதும் எனக்கு."

என்ன ஒன்று என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். உனக்கு ஏதும் தெரியுமா?

அக்கா
கோசலா


கொக்குவில்
09.04.2011

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். அம்மா எழும்பி நடக்கிறார் என்று போனில் சொன்னாய், சந்தோசம். நிக்கொலஸ் அண்ணையிடம், பனங்கிழங்கு காயவைத்து நானே இடித்த ஒடியல் மாவும் பனங்கட்டியும் கொடுத்து விட்டிருக்கிறேன். கூழ் காய்ச்சிக் கொடு, அம்மாவுக்கு விருப்பம்.

வருசப்பிறப்புக்கு வர நினைத்தேன். மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். வைகாசியில் கட்டாயம் வருவேன் என்று அம்மாவுக்குச் சொல்.

அம்மா சொன்னதைப் பற்றிக் கேட்டிருந்தாய். எனக்கு ஒன்றும் தெரியாது.

தங்கை
நிரூபா


புத்தளம்
02.05.2011

நிரூபா,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். டெங்குக் காய்ச்சல் என்று அத்தான் போனில் சொன்னார். நாலு நாள் ஆகிவிட்டது, குறைந்திருக்கும்.

அம்மா போனது வியாழக்கிழமை பின்னேரம். உன் ஒடியல் கூழை இரண்டு கரண்டி குடித்தார். "உறைப்புக் காணாது" என்றார். கடைசியாகச் சொன்னது அதுதான். பெரிதாக ஏதும் சொல்லியிருக்கலாம் என்று நீ நினைப்பாய். எனக்கு இது போதும்.

குளிப்பாட்டி, அந்த மயில்கழுத்துச் சேலையை உடுத்தினேன். பிறகு குங்குமத்தை எடுத்து நெற்றியில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தேன். உன் கல்யாணத்தோடு அம்மா பொட்டு வைப்பதை விட்டார் அல்லவா? அப்பாவில் கோபம், அதுதான் என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். பெண்டுகள் முணுமுணுத்தார்கள். "புருசன் உயிரோடை இருக்கிறதாலையோ வைச்சனீ?" என்று ஒருத்தி கேட்டாள். "இல்லை, அவவுக்கு வடிவா இருக்கும் எண்டு வைச்சனான்" என்றேன்.

அப்பாவுக்கு நிக்கொலஸ் மூலம் சொல்லி அனுப்பினோம். வெள்ளிக்கிழமை மூன்று மணி வரை வைத்துப் பார்த்தோம். அவர் வரவில்லை. நீயும் வரவில்லை. நான் கொள்ளிக்கு ஆள் தேடி, கடைசியில் நானே போனேன். இரத்தினம் மாஸ்டர் தடியை ஊன்றிக்கொண்டு கூட வந்தார். பொம்பிளை சுடலைக்குப் போகலாமா என்று ஒரு வழக்கு நடந்தது. வழக்கு முடிய முன்னமே நாங்கள் போய்விட்டோம்.

28ஆம் திகதி முப்பத்தோராம் நாள். அதற்காவது வா.

கோசலா


கொக்குவில்
07.05.2011

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் விட்டுவிட்டது. அம்மா போன துக்கம் நெஞ்சை அடைக்கிறது. நாங்கள் இங்கேயும் அதே நாளில் மாமியின் வீட்டில் ஒரு முப்பத்தோராம் நாள் வைக்கிறோம். மாப்பிள்ளை வீட்டாரும் வருவார்கள். அதனால் அங்கே வர முடியாது, மன்னித்துக்கொள்.

இங்கேயும் கொடுக்க நூறு கல்வெட்டு வேண்டும். அக்கா, ஒரு பணிவான வேண்டுகோள். இரத்தினம் மாஸ்டரின் பழைய பாட்டையே போட்டுவிடு. எல்லோருக்கும் போடுவதுதானே. அட்டையில் "அமரர் திருமதி ஞானேஸ்வரி" என்று மட்டும் போடு. உள்ளே வரும் அப்பாவின் பேருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று ஒரு சொல் சேர்த்துவிடு. சின்ன விசயம். யாருக்கும் நட்டமில்லை.

தங்கை
நிரூபா


புத்தளம்
11.05.2011

காலஞ்சென்றவரா? யார் காலஞ்சென்றது? மூன்று மாதத்துக்கு முன்னால் நிக்கொலஸிடம் சுருட்டு வாங்கிப் பற்றிய மனுசனா?

சுகம் விசாரிக்க இன்றைக்கு எனக்கு மனமில்லை. நீயே சொல். செத்தவர் ஒருவர் இருக்க, சாகாதவரை நான் ஏன் சாகடிக்க வேண்டும்? அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. தன் வாழ்நாளில் என்னிடம் அவர் கேட்ட முதல் காரியமும் அதுதான். பொய் எழுதாதே என்றார். நீ என்னிடம் பொய்யையே எழுதச் சொல்கிறாய், அதுவும் "பணிவான வேண்டுகோள்" என்று.

காரணம் சொல். முழுதாகச் சொல். ஒளித்து ஒளித்து எழுதுவதானால் எழுதவே வேண்டாம்.

கோசலா


கொக்குவில்
16.05.2011

அக்கா,

எனக்கு டெங்கு வரவில்லை. காய்ச்சலே வரவில்லை.

நான் கல்யாணம் செய்தபோது நீ கொழும்பில் வேலை. கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் வந்தாய். அதற்கு முன்னமே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. இவர் அப்போது அங்கே படிப்பிக்க வந்த வாத்தியார். அவருடைய ஆட்கள், தகப்பன் எங்கே என்று கேட்டார்கள். புருசனை விட்டு வந்தவளின் பிள்ளை யாரென்றாலும் மாமி வேண்டாம் என்பார் என்று இவரே, என் கதை தெரியாமல், ஒருமுறை பகிடியாகச் சொல்லியிருந்தார். எனக்குப் பத்தொன்பது வயது. அப்பா செத்துவிட்டார் என்று சொன்னேன். இவரிடமும் அதையேதான் சொன்னேன். இன்றுவரைக்கும் இவருக்கு அதுதான் தெரியும்.

பிறகு அம்மாவிடம் வந்து சொன்னேன். அம்மா என்னை ஏசவில்லை. கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார். திரும்பி வந்தபோது நெற்றி வெறுமையாக இருந்தது. "இப்ப சரியோ?" என்று கேட்டார். போய்ச் சேலை மடித்தேன். இருபத்தொரு வருடம் அக்கா. ஒருநாளாவது, அம்மா பொட்டை வையுங்கோ என்று நான் சொல்லியிருக்கலாம்.

சண்டை நடந்த காலம் முழுக்க வன்னிப் பாதை மூடியிருந்தது. எல்லோரும் பாதை திறக்க நேர்த்தி வைத்தார்கள். நான் திறக்கக் கூடாது என்று கும்பிட்டேன். இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. செத்த வீட்டுக்கு அப்பா வருவார், இவர் காண்பார் என்று பயந்துதான் காய்ச்சல் என்று படுத்தேன். அவர் வரவில்லை என்று நீ எழுதியிருந்தாய். வராத மனுசனுக்குப் பயந்து நான் என் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் விட்டேன்.

இப்போது லக்சனாவின் கலியாணம் நிற்கிறது. நீ எப்படி எழுதினாலும் நான் கோபிக்க மாட்டேன். கோபிக்க எனக்கு என்ன வாய் இருக்கிறது.

நிரூபா


புத்தளம்
21.05.2011

என் தங்கச்சிக்கு,

சுகமாக இரு. உண்மையாகவே சுகமாக இரு. உன் கடிதத்தை உப்பளத்து வாய்க்கால் கரையில் இருந்து வாசித்தேன். வீட்டில் வாசித்திருந்தால் சத்தம் போட்டிருப்பேன். முதலில் உன் மேல் கோபம் வந்தது. பிறகு அம்மா மேல் வந்தது, என்னிடம் சொல்லவில்லையே என்று. கடைசியில் அந்தக் கிணற்றடியில் நின்ற இரண்டு பேரையும் நினைத்து அழுதேன்.

நான் இரண்டு கல்வெட்டு அடித்திருக்கிறேன். நிக்கொலஸின் லொறியில் இந்தக் கடிதத்தோடு வருகிறது.

பெரிய கட்டு நூறு புத்தகம். மாஸ்டரின் பாட்டு, காலஞ்சென்றவரின் மனைவி, கொண்டவன் குறிப்பறிந்து கோடு தாண்டாதவள், எல்லாம் இருக்கிறது. உன் வீட்டுச் சபையில் அதைக் கொடு. அம்மா உனக்காக ஒருதரம் சொன்ன பொய்யை நான் உனக்காக இன்னொருதரம் சொல்கிறேன். அவர் கோபிக்க மாட்டார். சாக்கு வாய் கட்ட அம்மா நமக்குச் சொல்லித்தந்த முடிச்சைத்தான் போட்டிருக்கிறேன். அவிழ்க்கத் தெரியும்தானே?

தனியாக ஓர் உறையில் ஒரே ஒரு புத்தகம் இருக்கிறது. அது நான் இங்கே வாசிக்கப் போவது. இங்கே வாசிப்பது அங்கே வராது, பயப்படாதே. அதை நீ மட்டும் வாசி. பாட்டு இல்லை, வசனம். மாஸ்டர் "வசனத்திலை கல்வெட்டோ? அதுவும் பொம்பிளைப் பேரிலையோ?" என்று துள்ளினார். துள்ளட்டும்.

சபையில் வாசிக்க நாக்கு எழும்புமோ என்று ஒரு பயம் இருக்கிறது. என் பேரில் நான் எழுதிய முதல் எழுத்து இது.

அக்கா
கோசலா

(உறையில் இருந்த புத்தகம்)

ஞானேஸ்வரி 1946ஆம் ஆண்டு மானிப்பாயில் பிறந்தார். இருபது வயதில் கல்யாணம் நடந்தது. கணவர் கை நீட்டுகிறவர். பதின்மூன்று வருடம் ஞானேஸ்வரி அதைத் தாங்கினார். ஊர் அதைப் பொறுமை என்றது. அவர் அப்படிச் சொன்னதில்லை.

1979ஆம் ஆண்டு ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சோற்றை வடித்து மூடி வைத்துவிட்டு, இரண்டு பெண்பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு, பகல் பன்னிரண்டரை பஸ்ஸில் ஏறினார். பஸ் தரிப்பில் பதினொரு பேர் நின்றார்கள். இரவோடிரவாக ஓடினாள் என்று பிறகு சொன்னவர்கள் தயவுசெய்து திருத்திக்கொள்ளவும்.

புத்தளம் உப்பளத்தில் இருபத்தாறு வருடம் வேலை செய்தார். உப்பு வாருகிறவர்களின் கால் வெடிக்கும். அவருடைய காலும் வெடித்தது. அந்தக் காலோடு பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப் போனார். அவர் வாய் கட்டிய சாக்கு ஒருநாளும் வழியில் அவிழ்ந்ததில்லை.

அவருக்குப் படம் பார்க்கப் பிடிக்கும். பாகற்காய் பிடிக்காது. கோபம் வந்தால் சட்டி பானையோடு கதைப்பார். ஆட்களைப் பற்றிக் குறை சொல்வார், பிறகு அவர்களுக்கே கறி கொடுத்து விடுவார். பயப்பட்டிருப்பார், ஆனால் நாங்கள் பார்த்ததில்லை.

கணவர் உயிரோடு இருக்கிறார். அவர் சுகமாக இருக்கட்டும். இது அவரைப் பற்றிய புத்தகம் அல்ல.

ஞானேஸ்வரி 28.04.2011 அன்று தன் வீட்டில், தன் கட்டிலில் காலமானார்.

எழுதியவர்: மகள் கோசலா


புத்தளம்
10.06.2011

அன்புள்ள நிரூபா,

நான் சுகம். நீங்கள் எல்லோரும் எப்படி? பொதி கிடைத்ததா? நிக்கொலஸ் உன் கையிலேயே கொடுத்ததாகச் சொல்கிறான். போன் எடுத்தால் லக்சனா, "அம்மா குளிக்கிறா" என்கிறாள். இவ்வளவு குளித்தால் கிணறு வற்றிவிடும்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். ஐயர் கிரியை முடித்த பிறகு நான் எழும்பி நின்றேன். முதல் நாலு வரியும் எப்படி வாசித்தேன் என்று தெரியாது. "கை நீட்டுகிறவர்" என்ற இடத்தில் ஆம்பிளைகள் பக்கத்தில் ஒரு கதிரை கிரீச்சிட்டது, ஒருவர் எழும்பி வெளியே போனார். "பகல் பன்னிரண்டரை பஸ்" என்றபோது பெண்டுகள் பக்கத்தில் யாரோ "அப்பிடிப் போடு" என்றாள். அதற்குப் பிறகு என் குரல் எனக்கே கேட்கத் தொடங்கிற்று. கடைசி வரிக்கு வந்தபோது நான் கத்தியே வாசித்தேனாம், நஃபீஸா சொல்கிறாள். அச்சகத்தில் என்னோடு வேலை செய்கிற பெட்டை, பொய் சொல்ல மாட்டாள்.

சித்தி ஸுலைஹா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மகள், ஞானம் இப்பயும் நேராத்தான் நிக்கிறா" என்று அழுதா. இரத்தினம் மாஸ்டர் கடைசி வரைக்கும் அசையவில்லை. போகும்போது, "இதுக்கு என்ர பேரைப் போட வேண்டாம் எண்டு நீ நிண்டது சரிதான். போட்டிருந்தா எனக்குப் பெருமையாய் இருந்திருக்கும்" என்றார். பிறகு திரும்பி நின்று, சனத்தைப் பார்த்து, "நாலு வருசமா என்ர பேரிலை வந்ததெல்லாம் இவள் எழுதினது" என்றும் சொல்லிவிட்டுப் போனார். கண் தெரியாத மனுசன் அன்றைக்கு எல்லோரையும் நேராகப் பார்த்தார்.

எனக்கு இப்போது நல்ல சந்தோசம், நிரூபா. ஆனால் உன் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லாதது முள்ளாகக் குத்துகிறது. நூறு புத்தகம் கொடுத்தாய் என்றால் அதையாவது எழுது. நான் கோபிக்க மாட்டேன்.

அக்கா
கோசலா


புத்தளம்
01.07.2011

நிரூபா, சுகமா? ஒரு வரி போடு. திட்டியாவது போடு.
கோசலா


கொக்குவில்
17.07.2011

என் அன்பு அக்கா,

நான் சுகம். இந்தச் சொல்லை இருபத்தொரு வருடத்தில் முதல்தரம் யோசித்து எழுதுகிறேன்.

எழுதாமல் இருந்ததற்குக் காரணம், என்ன எழுதுவது என்று தெரியாததுதான். எல்லாம் ஒரு முடிவுக்கு வரட்டும் என்று பார்த்தேன். நேற்றுத்தான் வந்தது.

முப்பத்தோராம் நாள் காலையில் உன் கட்டை மேசையில் வைத்துவிட்டு, உறையில் இருந்ததைச் சமையலறையில் நின்று வாசித்தேன். அந்த பஸ்ஸில் எனக்கு எட்டு வயது. எனக்கு ஜன்னல் பக்கம் வேண்டும் என்று நான் அழுதேன், நீ எழும்பித் தந்தாய். ஞாபகம் இருக்கிறதா? நீ அதை எழுதவில்லை. பிறகு கட்டை அவிழ்க்கப் போனேன். அம்மாவின் முடிச்சு. அதில் கை வைக்க முடியவில்லை. எப்படி அவிழ்ப்பது என்று தெரியும் அக்கா, நன்றாகவே தெரியும். கைதான் வரவில்லை.

எல்லோரும் வந்தார்கள். ஐம்பது அறுபது பேர். மாப்பிள்ளையின் தாயும் முன்வரிசையில் இருந்தார். வாசிக்கச் சொல்லி இவர் உன் கட்டைப் பார்த்தார். நான் உறையில் இருந்ததை எடுத்துக்கொண்டு எழும்பினேன். "இதை வாசிக்க முன்னம் ஒண்டு சொல்லவேணும். என்ர அப்பா சாகேல்லை. நான் சொன்னது பொய். அந்தப் பொய்க்காக அம்மா பொட்டை அழிச்சவா" என்றேன். சொல்லி முடித்த பிறகு பயம் போய்விட்டது. அவ்வளவு கெதியாகப் போகக்கூடிய பயத்தை நான் இவ்வளவு காலம் சுமந்திருக்கிறேன்.

வாசித்தேன். முடித்ததும் உன் எழுத்தை மடித்துக்கொண்டு நின்றேன், யார் முதலில் ஏசப் போகிறார்கள் என்று பார்த்தபடி. கதிரையில் இருந்த மாமி, எண்பத்திரண்டு வயதில் ஒருவரையும் ஏசாமல் விட்டதில்லை என்று பேர் எடுத்தவர், தொண்டையைச் செருமினார்.

"அந்த பஸ் வாற இடத்தை இன்னொருக்கா வாசி."

வாசித்தேன்.

"சோத்தை வடிச்சு வைச்சிட்டோ போனவா?"

"ஓம் மாமி."

"நான் வடிச்சிருக்க மாட்டன்" என்றார். இவருடைய தகப்பன் எப்படிப்பட்டவர் என்று இந்த வீட்டில் யாரும் கதைப்பதில்லை. அது ஏன் என்று அன்றைக்கு எனக்கு விளங்கிற்று. இவருக்கும் விளங்கியிருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டார்.

இவர் மூன்று கிழமை என்னோடு கதைக்கவில்லை. பொய் சொன்னதற்கு, அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். நாலாம் கிழமை, "உன்ர அம்மான்ர படம் ஒண்டு பெரிசாக்கி மாட்டவேணும். பொட்டோடை இருக்கிறது ஏதும் இருக்கோ?" என்று கேட்டார். உன்னிடம் இருந்தால் அனுப்பு.

மாப்பிள்ளை வீட்டார் ஒரு மாதத்துக்கு மேலாக வாய் திறக்கவில்லை. போய்விட்டது என்றே நினைத்தேன். லக்சனா, "போனால் போகட்டும் அம்மா, நீங்கள் வாசிச்சது எனக்குக் காணும்" என்றாள். நேற்று அந்தத் தாய் மனுசி தனியாக வந்தார். "பொய் சொன்னது எனக்குப் பிடிக்கேல்லை. அதை ஒளிக்காமல் சொல்லிப்போட்டன். ஆனா பட்டப்பகலிலை பஸ் ஏறினவான்ர பேத்தி என்ர வீட்டுக்கு வாறது எனக்குப் பெரிய விருப்பம்" என்றார். கலியாணம் ஆவணி இருபத்தைந்து. நீதான் முன்னுக்கு நிற்க வேண்டும், இந்தமுறை முந்தின நாள் வந்து நிற்கிற வேலை வேண்டாம்.

மாமியும் உனக்கு ஒரு சேதி சொல்லி அனுப்புகிறார். "உன்ர அக்காட்டைச் சொல்லு, எனக்கும் ஒண்டு எழுதட்டாம். செத்தாப் பிறகில்லை. இப்ப. நான் சொல்லச் சொல்ல எழுதவேணும், வாசிச்சுக் காட்டவேணும்." கலியாணத்துக்கு வரும்போது கொப்பி ஒன்றும் கொண்டு வா. அயலில் இன்னும் மூன்று பெண்டுகள் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உன் நூறு புத்தகத்தையும் நிக்கொலஸ் அண்ணையிடம் திருப்பி அனுப்புகிறேன். முடிச்சு நீ போட்டபடியே இருக்கிறது, பார். அதற்குப் பதிலாக உறையில் இருந்தது நூறு வேண்டும். கடைசிப் பத்திக்கு முன்னால் இதைச் சேர்த்துக்கொள். நானே எழுதினேன், ஏழுதரம் வெட்டிக் கிறுக்கி.

"ஞானேஸ்வரி தன் வாழ்நாளில் ஒரு பொய்க்கு உடன்பட்டார். அது இளைய மகள் கேட்ட பொய். இருபத்தொரு வருடம் நெற்றியில் பொட்டில்லாமல் அதைச் சுமந்தார். அந்தப் பொய் அவருடைய முப்பத்தோராம் நாளோடு முடிந்தது."

எழுதியவர் என்று போட்டிருக்கிறாயே, அங்கே உன் பேருக்குக் கீழே என் பேரையும் போடு. நானும் அந்த பஸ்ஸில் வந்தவள்தானே.

உன் தங்கச்சி
நிரூபா